வீட்டுக் கடனைக் காலத்துக்கு முன்பே அடைத்து, காணி உறுதியை மீட்டவர்கள் இருக்கிறீர்களா?

உருத்திரபுரம் ஆசிரியை எழுதியது:

வன்னியில் வீடு கட்டுவதற்காகக் காணியை வங்கியில் ஈடு வைத்து, பிறகு அந்த ஈட்டை உரிய காலத்துக்கு முன்னரே மீட்டவர்களிடம் ஒரு விடயம் கேட்க விரும்புகிறேன்.

நாங்கள் கிளிநொச்சி உருத்திரபுரத்தில் இருக்கிறோம். நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியை; கணவர் வீடுகளுக்கு மின்னிணைப்பு வேலை செய்பவர். போர் முடிந்து செட்டிகுளம் முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பியபோது தறப்பாளுக்குக் கீழேதான் இருந்தோம். பின்னர் இந்திய வீட்டுத் திட்டத்தில் கட்டம் கட்டமாகக் கிடைத்த 550,000 ரூபாயில் அம்மா ஒரு வீட்டை எழுப்பினார். அதில் இப்போது தம்பியின் குடும்பம் இருக்கிறது. எங்களுக்கென்று ஒரு கூரை வேண்டும் என்பதற்காக, மாமி எழுதித் தந்த உறுதிக் காணியை ஈடு வைத்து, 2024 பெப்ரவரியில் 20 லட்சம் ரூபாய் கடன் எடுத்தோம். வட்டி 14 வீதம், காலம் 15 வருடம், மாதத் தவணை 26,635 ரூபாய். இன்றுவரை ஒரு தவணையும் பிந்தியதில்லை.

சென்ற கிழமை வங்கியில் கணக்குக் கூற்றை எடுத்துப் பார்த்தேன். ஒரு வருடத்தில் நாங்கள் கட்டியது 319,620 ரூபாய். கடன் முதலில், அதாவது நாங்கள் எடுத்த தொகையில், குறைந்திருப்பது 42,263 ரூபாய் மட்டுமே. இன்னும் 1,957,737 ரூபாய் நிற்கிறது. தவறு நடந்திருக்கிறது என்று நினைத்து முகாமையாளரிடம் கேட்டேன். தவறு எதுவும் இல்லை, தொடக்க வருடங்களில் வட்டிதான் பெரும்பாலும் போகும் என்று அவர் விளக்கினார். அன்றிரவு கணவர் அந்தத் தாளை மடித்துச் சாமித் தட்டில் வைத்துவிட்டு, சாப்பிடாமலே படுத்துவிட்டார். வெயிலில் ஏணியில் நின்று உழைக்கும் மனிதர். அவரிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மூத்தவள் இப்போது ஐந்தாம் ஆண்டு. அவள் உயர்தரம் எழுதுவதற்கு முன் இந்தக் கடன் முடிய வேண்டும் என்பது என் ஆசை. இறுக்கிப் பிடித்தால் மாதம் 5,000 ரூபாய், சில மாதங்களில் அதற்கு மேலும், மிச்சம் பிடிக்கலாம். வெளிநாட்டில் எங்களுக்கு உதவ எவரும் இல்லை. இந்தச் சிறு தொகையைக் கொண்டுபோய்க் கட்டுவதில் பயன் உண்டா, அல்லது நகையை விற்று ஒரே தொகையாகக் கட்டுவதுதான் வழியா? எட்டு, ஒன்பது வருடம் மனம் தளராமல் இப்படி வாழ்ந்து முடித்தவர்கள் இருந்தால், எப்படி முடித்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.

வவுனியாவிலிருந்து ஓய்வுபெற்ற கணக்காளர் எழுதியது:

தங்கச்சி, முதலில் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: அந்தத் தாளில் இருப்பது உங்கள் தோல்வி அல்ல, குறைந்துசெல்லும் மீதிக்கு வட்டி போடும் எந்தக் கடனுக்கும் முதல் வருடம் அப்படித்தான் இருக்கும். 20 லட்சத்துக்கு 14 வீதம் என்றால் முதல் மாத வட்டி மட்டும் 23,333 ரூபாய். நீங்கள் கட்டிய 26,635 ரூபாயில் அது போக, முதலுக்குச் சேர்ந்தது 3,302 ரூபாய். அடுத்த மாதம் அந்த 3,302 ரூபாய்க்கு வட்டி இல்லை. ஆகவே முதலுக்கு இன்னும் சில பத்து ரூபாய்கள் கூடுதலாகச் சேரும். இந்த ஏற்றம் தொடக்கத்தில் ஆமை நடையாகத்தான் இருக்கும்.

இங்கேதான் உங்கள் 5,000 ரூபாயின் பெறுமதி இருக்கிறது. மேலதிகமாகக் கட்டும் பணத்தில் வட்டிக்கு ஒரு சதமும் போகாது. முழுவதும் கடன் முதலில் கழியும். இப்போது மாதம் 3,800 ரூபாய் அளவில் குறையும் முதல், நீங்கள் 5,000 சேர்த்துக் கட்டினால் 8,800 அளவில் குறையும். அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். கணக்குப் போட்டுப் பார்த்தேன். உங்களுக்கு இன்னும் 14 வருடம் இருக்கிறது. மாதம் 5,000 ரூபாய் விடாமல் சேர்த்தால் 9 வருடமும் 3 மாதமுமாக அது சுருங்கும். மிஞ்சும் தொகை ஏறத்தாழ 9 லட்சத்து 80 ஆயிரம். 10,000 சேர்க்க முடிந்தால் 7 வருடத்தில் முடிந்துவிடும். மகள் உயர்தரம் எழுதுவதற்கு முன் என்றீர்கள். இரண்டுக்கும் இடையில் எங்கோ நீங்கள் நிற்கிறீர்கள். ஆகவே சிறு தொகை என்று அதைக் குறைவாக எண்ணாதீர்கள்.

ஆனால் பணத்தைக் கட்டும் விதத்தில் கவனம் வேண்டும். நான் கணக்கு எழுதிக் கொடுத்த ஒரு குடும்பம் இரண்டு வருடமாக மாதம் 4,000 ரூபாய் கூட்டிக் கட்டிவந்தது. முதல் குறையவே இல்லை. விசாரித்தபோது, அந்தக் கிளையில் அதை அடுத்த தவணைக்கான முற்பணமாக ஒதுக்கி வைத்திருந்தார்கள் என்பது தெரியவந்தது. எவரும் திருடவில்லை, ஆனால் வட்டி பழைய மீதிக்கே ஓடிக்கொண்டிருந்தது. ஆகையால் மேலதிகமாகக் கட்டும் பணத்தைக் கடன் முதலில் கழிக்கும்படியும், தவணைத் தொகையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கும்படியும் கடிதமாக எழுதிக் கொடுத்து, பிரதியில் கிளையின் முத்திரையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பகுதியாக முன்கூட்டிக் கட்டுவதற்குக் கட்டணம் அறவிடுகிறார்களா என்பதை உங்கள் கடன் ஒப்பந்தத்திலேயே பாருங்கள். ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் உண்டென்றால், மாதாமாதம் கட்டாமல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சேர்த்துக் கட்டுவது நல்லது.

இன்னொன்றையும் பாருங்கள்: 14 வீதம் 15 வருடத்துக்கும் நிலையானதா, அல்லது சில வருடங்களுக்குப் பின் மாறுமா? 2022 ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அந்த வருடத்தில், மாறும் வட்டியில் கடன் எடுத்திருந்தவர்கள் எரிபொருள் வரிசையில் நின்றபடியே வங்கிக் கடிதத்தையும் வாசித்தார்கள். வட்டி மறுபடி ஏறுகிற நாளில் முதல் எவ்வளவு குறைவாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அடி குறையும்.

முள்ளியவளையிலிருந்து ஒரு ஆசிரியை எழுதியது:

மகள், உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். நான் 2016 இல் 15 லட்சம் ரூபாய் எடுத்து, 2024 தை மாதத்தில் அடைத்து முடித்தேன். கணக்கை ஐயா சரியாகச் சொல்லிவிட்டார். மனம் தளராமல் இருந்தது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். அதைப் பற்றி நான் எழுதுகிறேன்.

தனியாக என்றால் நான் இரண்டாம் வருடத்திலேயே விட்டிருப்பேன். எங்கள் பாடசாலையில் என்னோடு வீட்டுக் கடன் எடுத்திருந்தவர்கள் மூன்று பேர். சம்பளம் வந்த மறுநாள், பாடசாலை விட்ட பிறகு, வேப்பமரத்தடி வாங்கில் அரை மணித்தியாலம் இருப்போம். ஒவ்வொருவரும் மூன்று எண்களைச் சொல்ல வேண்டும்: இந்த மாதம் மேலதிகமாகக் கட்டியது எவ்வளவு, மீதி முதல் எவ்வளவு, வீண் செலவென்று மனதுக்குப் பட்டது எவ்வளவு. ஒருவர் கட்ட முடியாமல் போன மாதத்தில் மற்றவர்கள் காரணம் கேட்பதில்லை என்று தொடக்கத்திலேயே தீர்மானித்திருந்தோம். பிள்ளைக்கு டெங்குக் காய்ச்சல் வந்து ஒருவர் மூன்று மாதம் வெறுங்கையோடு வந்து இருந்துவிட்டுப் போனார், ஆனால் வந்தார். வந்தபடியால்தான் நான்காம் மாதம் மறுபடி தொடங்கினார். எங்களுக்குள் பணம் கைமாற்றுவதில்லை என்பதும் ஒரு விதி. முன்பு ஊரில் ஒரு சீட்டில் சேர்ந்து, பிடித்தவர் இடையில் போய்விட்டதால் நான் பட்டது போதும் என்றிருந்தது. நட்பும் பணமும் ஒரே பானையில் வேக வேண்டாம் என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன்.

வீட்டில் இன்னொன்று செய்தேன். ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் 150 புளியங்கொட்டைகளைப் போட்டுச் சாமியறையில் வைத்தேன். ஒரு கொட்டை, கடன் முதலில் 10,000 ரூபாய். கடன் முதலில் 10,000 ரூபாய் குறைந்த ஒவ்வொரு முறையும் இளையவன் ஒரு கொட்டையை எடுத்துக் கொண்டுபோய் வேலியோரம் புதைத்தான். முதல் வருடம் வெளியே வந்தவை மூன்றே கொட்டைகள். போத்தலில் குறைந்ததே தெரியவில்லை. ஐந்தாம் வருடத்தில் மாதம் ஒன்றுக்கு மேல் வந்தது. கடைசி வருடத்தில் அவன் சாதாரணதரப் படிப்புக்கு நடுவிலும் மாதம் இரண்டு, மூன்று என்று எண்ணி எடுத்தான். வங்கித் தாளில் உள்ள எண் என் மாமியாருக்கு விளங்காது, போத்தல் விளங்கியது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி ஒரு பொருளில் கடனை வைத்தால், செலவு செய்யும்போது நான் ஒருத்தியாக நின்று மறுக்க வேண்டியிருக்கவில்லை.

சிக்கனம் எங்கே பிடித்தேன் என்று கேட்டால், பிள்ளைகளின் முட்டையிலும் பாலிலும் பிடிக்கவில்லை, அதைச் செய்யாதீர்கள். அரிசியில் பிடித்தேன். நாங்கள் ஐந்து பேர், மாதம் 45 கிலோ அரிசி வேண்டும். காலபோக அறுவடை முடிந்ததும் பங்குனியில் ஒரு வருடத்துக்கான நெல்லை வயலிலேயே வாங்கிவிடுவோம். மாலையில் நெல்லை ஊறவைத்து, விடியற்காலையில் அரைப் பீப்பாவில் பனைமட்டை எரித்து அவிப்போம். நெல் வாய் வெடித்து, அந்த வாசம் வளவெல்லாம் பரவும்போது இறக்கி, படங்கில் பரவி, வெயில் ஏறஏறக் காலால் துழாவி விடுவோம். மாமியார் ஒரு மணியைப் பல்லிடையில் வைத்துக் கடித்து, சரி என்றால்தான் மில்லுக்குப் போகும். 100 கிலோ நெல்லுக்கு 65 கிலோ அளவில் அரிசி கிடைக்கும். 2025 மாசியில் அரசாங்கம் நாடு என்னும் நெல் வகைக்கு அறிவித்த விலை கிலோ 120 ரூபாய். அப்போது கடையில் நாடு அரிசியின் கட்டுப்பாட்டு விலை 230 ரூபாயாக இருந்தது. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்; மில் கூலி போக வருடத்தில் 20,000 ரூபாய் அளவில் மிஞ்சும். தவிடு கோழிக்கு, உமி அடுப்புக்கு. 2022 இல் 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர் ஐயாயிரம் ரூபாயை அண்மித்தபோது, அந்த உமி அடுப்புதான் எங்கள் மாதத் தவணையைக் காப்பாற்றியது.

செலவில் மிகக் கடினமானது சோறு கறி அல்ல, சபை. வைகாசியில் வரும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் புதுச்சேலை, உறவுக்குள் சாமத்திய வீடு, கலியாண வீடு, எல்லாவற்றிலும் எழுதும் பணம். பொங்கல் மாதத்துக்கு எவ்வளவு என்பதை நாங்கள் நால்வரும் சித்திரையிலேயே பேசி முடிவு செய்வோம். நால்வரும் பழைய சேலையோடு கோயிலுக்குப் போனபோது, எவருக்கும் தனியாகக் குறைவு தெரியவில்லை.

நகையைப் பற்றி: விற்காதீர்கள். நீங்கள் அரச ஆசிரியை என்பதால், அரச ஊழியர்களுக்கு இடர் நேரத்துக்கென்று கொடுக்கும் இடர்கடனை எடுக்கலாம். அதன் வட்டி வங்கிக் கடனின் வட்டியைவிட மிகக் குறைவு. நான் அதை எடுத்து அப்படியே கடன் முதலுக்குக் கட்டினேன்.

ஒட்டுசுட்டான் விவசாயி எழுதியது:

ஆசிரியை அக்கா சொன்னவற்றில் இடர்கடன் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறேன். இடர் வரும் நாளுக்கென்று உள்ள கதவை, இடர் வராத நாளில் திறந்துவிட வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து. ஏன் என்று என் கதையைச் சொல்கிறேன்.

நான் 2017 இல் வீட்டுக்காக 8 லட்சம் எடுத்தேன். எனக்கு மாதச் சம்பளம் இல்லை. காலபோகத்துக்குப் பிறகு ஒரு முறை, தண்ணீர் இருந்தால் சிறுபோகத்துக்குப் பிறகு ஒரு முறை கையில் பணம் வரும். கடனை வேகமாக முடிக்க வேண்டும் என்ற வெறியில், 2018 இல் கையில் வந்த பணத்தை எல்லாம் வங்கியில் கொட்டினேன். விதை நெல்லையும் உரத்தையும் மட்டும் வாங்கிவிட்டு, வீட்டில் நூறு ரூபாயும் மிச்சம் வைக்காமல் விதைத்தேன். அந்த வருடம் மார்கழி 21 ஆம் திகதி இரவு பெய்த மழையைக் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இருந்த எவரும் மறக்கமாட்டார்கள். இடுப்பளவு நின்ற பயிர் மூன்று நாள் தண்ணீருக்குக் கீழே கிடந்தது. நான் முன்கூட்டிக் கட்டிய பணத்தை வங்கி திருப்பித் தராது. ஆகவே கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலுக்கு வந்து அறவிடும் நுண்கடன் ஒன்றை மனைவியின் பெயரில் எடுத்தோம். 14 வீதக் கடனை வேகமாக அடைக்கப்போய், அதைவிடப் பல மடங்கு வட்டிக்குள் விழுந்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமைகளில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் மனைவி கிணற்றடிக்குப் போய்விடுவார். அதிலிருந்து மீள இரண்டு காலபோகம் சென்றது.

இப்போது அறுவடைப் பணத்தை மூன்றாகப் பிரிக்கிறேன். அடுத்த விதைப்புக்கு உரியதை முதலில் ஒதுக்குவேன். பிறகு ஆறு மாதத் தவணையையும் வீட்டுச் செலவையும் எங்கள் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில் சேமிப்பாக வைப்பேன். அதற்கு மேல் நிற்பது மட்டுமே முதலுக்குப் போகும். சில போகத்தில் ஒன்றும் போகாது. இப்படியும் எனக்கு இன்னும் இரண்டு வருடம்தான் இருக்கிறது.

உங்கள் கணவரின் வேலையும் மழைக்காலத்தில் குறையும் என்று நினைக்கிறேன். குறைந்தது நான்கு மாதத் தவணையாவது கையில் இருக்கட்டும், அக்கா. அதன் பிறகு 5,000 ரூபாயைத் தொடங்குங்கள்.

வவுனியாவிலிருந்து ஓய்வுபெற்ற கணக்காளர் எழுதியது:

தம்பி சொல்வது நான் விட்ட இடம், திருத்திக்கொள்கிறேன். வைப்புக்குக் கிடைக்கும் வட்டி, கடனுக்குப் போகும் 14 வீதத்தைவிடக் குறைவு; கணக்கின்படி அந்த நான்கு மாதத் தவணை நட்டம்தான். ஆனால் அந்த நட்டத்தைக் காப்புறுதிக்குக் கொடுத்த விலையாக எண்ணிக்கொள்ளுங்கள்.

கடைசித் தவணையைப் பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கடன் முடிந்ததும் உறுதி தானாக வீடு வந்து சேராது. சட்டத்தரணி நொத்தாரிசு மூலம் ஈட்டை விடுவிக்கும் உறுதி எழுதப்பட்டு, அது காணிப் பதிவகத்தில் பதியப்பட வேண்டும். அதைச் செய்யாமல் விட்டவர்களின் காணியில், பணம் கட்டி முடித்துப் பல வருடமான பிறகும் பதிவேட்டில் ஈடு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் செலவுக்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள். வன்னியில் பலரிடம் இருப்பது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. அதை உங்களைப் போல எளிதில் ஈடு வைக்கவும் முடியாது. உங்கள் மாமி தந்தது உறுதிக் காணி. அதன் பெயர் பதிவேட்டில் துப்புரவாக இருக்க வேண்டும்.

உருத்திரபுரம் ஆசிரியை எழுதியது:

உங்கள் எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. எல்லாவற்றையும் நேற்று மாலை கணவருக்கு வாசித்துக் காட்டினேன். ஐயாவின் கணக்கைத் தானும் ஒரு முறை கொப்பியில் போட்டுப் பார்த்தார். 9 வருடமும் 3 மாதமும் என்று விடை வந்தபோது, இன்னொரு முறை போட்டார். ஒட்டுசுட்டான் தம்பியின் கதையில் வாசிப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டு, கார்த்திகையிலும் மார்கழியிலும் தனக்கு வேலை குறைந்த நாட்களை விரல்விட்டு எண்ணினார்.

நகையை விற்பதில்லை, இடர்கடனை இப்போதைக்குத் தொடுவதில்லை என்று முடிவு செய்தோம். இனி மிச்சம் பிடிக்கும் பணம் நான்கு மாதத் தவணைக்காக, அதாவது 106,540 ரூபாய் சேரும்வரை, தனிக் கணக்கில் போகும். அதற்கு மேல் கிடைக்கும் பணம் முதலுக்கு. முகாமையாளரிடம் கொடுக்க வேண்டிய கடிதத்தை எழுதிவிட்டேன். திங்கட்கிழமை முத்திரை வாங்குவேன். எங்கள் பாடசாலையில் இன்னும் இருவருக்கு வீட்டுக் கடன் இருப்பது எனக்குத் தெரியும். இதுவரை ஒருவருக்கொருவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. நாளை இடைவேளையில் நானே தொடங்குகிறேன். முள்ளியவளை அம்மா, உங்கள் மூன்று எண்களை நாங்களும் எடுத்துக்கொள்கிறோம்.

புளியங்கொட்டைக்கு மகள் பக்கத்து வளவுக்குப் போய்விட்டு, சட்டைப் பையை நிரப்பிக்கொண்டு வந்தாள். வங்கித் தாளைப் பார்த்து, 196 எண்ணிப் போட்டோம். கணவர் போத்தலைத் தூக்கி ஒரு முறை குலுக்கிப் பார்த்துவிட்டு, சாமித் தட்டில் அந்தத் தாள் இருந்த இடத்தில் வைத்தார்.